மாட்டு வண்டியும் காமிராப் பெட்டியும்

1857ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் பெங்களூரிலிருந்து சில மாட்டு வண்டிகள் தெற்கு நோக்கிப் புறப்பட்டன. அவற்றில் நெல் மூட்டையும் இல்லை. பஞ்சுப் பொதியும் இல்லை. மரத்தாற் செய்த பெரிய காமிராப் பெட்டிகளும், அவற்றை நிறுத்தும் முக்காலிகளும், கட்டுக் கட்டாகத் தாளும், மெழுகும், வெள்ளி உப்புக் கரைசல்களும், கழுவும் தட்டுகளும் இருந்தன. அவற்றின் தலைவர் கம்பெனிப் படையைச் சேர்ந்த கேப்டன் லின்னேயஸ் டிரைப் என்பவர். அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்து. சென்னை மாகாண அரசாங்கத்தின் நிழற்படக்காரர் என்ற புதிய பதவி அவரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. மாகாணத்தின் ஊர்களையும் குன்றுகளையும் கோயில்களையும் கோட்டைகளையும் சாலை வழியே சென்று படமாக்கி வருவதே அவருடைய கடமை.

மாணவர்களே, அந்த ஆண்டை மறந்துவிடாதீர்கள். வடநாட்டில் பெருங்கிளர்ச்சி இன்னும் அடங்கவில்லை. தில்லி வீழ்ந்து மூன்று திங்கள் ஆகியிருந்தது. இலட்சுமணபுரியில் போர் நடந்துகொண்டிருந்தது. அத்தகைய காலத்தில் ஒரு படைத்தலைவரை வாளோடு அனுப்பாமல் காமிராவோடு அனுப்பியது வியப்பாகத் தோன்றலாம். சென்னை மாகாணம் ஒப்புநோக்க அமைதியாக இருந்தது ஒரு காரணம். மற்றொரு காரணம், தான் ஆளும் நிலத்தைத் தானே நன்கு அறியவில்லை என்ற எண்ணம் ஆட்சியாளர் சிலருக்கு ஏற்பட்டிருந்தது. நிலத்தை அளந்தார்கள், மக்களை எண்ணினார்கள், அடுத்தபடியாக அவற்றின் தோற்றத்தையும் தாளில் பதித்து வைத்துக்கொள்ள விரும்பினார்கள். கலை ஆர்வமும் அதில் இருந்தது. ஆட்சி ஆசையும் இருந்தது. இரண்டையும் பிரித்துக் காண்பது எளிதன்று.

டிரைப் 1822இல் இங்கிலாந்தின் தென்மேற்கே டெவன்போர்ட் என்னும் துறைமுக ஊரில் பிறந்தவர். இளமையிலேயே கம்பெனியின் சென்னைப் படையில் சேர்ந்தார். 1850களின் தொடக்கத்தில் விடுப்பில் தாயகம் சென்றபோது நிழற்படக் கலையில் ஈடுபட்டார். திரும்பி வந்தபின் 1854இல் ஹளேபீடு, பேலூர் கோயில்களைப் படம் எடுத்தார். 1855இல் சென்னையில் நடந்த பொருட்காட்சியில் அப்படங்களுக்கு முதல்தரப் பதக்கம் கிடைத்தது. அதே ஆண்டில் பர்மிய மன்னர் மிண்டோனின் அவைக்குச் சென்ற தூதுக் குழுவோடு அவரும் சென்று, அமரபுரம் முதலிய இடங்களைப் படமாக்கினார். அவற்றுள் 120 படங்கள் தொகுதியாக வெளிவந்தன. இவ்வாறு வெளிநாடு சென்று பெயர் பெற்றவரைத்தான், நம் இராயக்கோட்டைக்கும் திருவையாற்றுக்கும் அனுப்பி வைத்தது சென்னை அரசாங்கம். அவருக்கு அவை பிறந்த மண்ணல்ல. நமக்கோ அவை அடுத்த ஊர்.

அன்று இருப்புப் பாதை இத்திசையில் இல்லை. இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை முதல் இரயில் ஓடியது 1856 ஜூலை முதல் நாள். தஞ்சைக்கும் திருச்சிக்கும் இரயில் வந்தது 1860களின் தொடக்கத்தில். மதுரைக்கு வந்தது 1875இல். ஆகவே டிரைப்புக்கு வாய்த்தது வண்டிப் பாதையும் வழிப்போக்கர் விடுதியும்தான். மாடு நடக்கும் வேகத்தில் ஒரு மாகாணத்தைப் பார்ப்பது எப்படியிருக்கும் என்பதை இன்றைய பேருந்துப் பயணிகள் எண்ணிப் பார்ப்பது நல்லது. ஒரு குன்று தொலைவில் நீல நிறமாகத் தோன்றும். நண்பகலில் சற்றுப் பெரிதாகும். மறுநாள் காலையில்தான் அதன் அடிவாரம் வரும். அந்தக் குன்றுக்கு எத்தனை முகங்கள் உண்டு, எந்த முகத்தில் எந்த நேரத்தில் வெயில் விழுகிறது என்பதையெல்லாம் வழிப்போக்கன் அதற்குள் கற்றுவிடுவான்.

இனி, படம் எடுக்கும் முறையைச் சிறிது விளக்க வேண்டும். அது தெரியாமல் அப்படங்களைப் படிக்க இயலாது. டிரைப் கையாண்டது மெழுகுத் தாள் முறை. பிரெஞ்சுக்காரரான குஸ்தாவ் லெ கிரே என்பவர் 1851இல் வெளியிட்ட முறை அது. நல்ல தாளொன்றில் உருகிய மெழுகை ஊறவிட்டு, கண்ணாடிபோல் ஒளி ஊடுருவச் செய்வார்கள். பின்னர் அதனை அயோடைடு உப்புக் கரைசலில் நனைத்து உலர்த்துவார்கள். அதன்பின் இருளில் வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் தோய்த்தால் தாள் ஒளியை உணரும் தன்மை பெறும். இந்தத் தாளைக் காமிராவுக்குள் பொருத்தி, மூடியைத் திறந்து, நிமிடக் கணக்கில் காத்திருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாமல் பதிந்த உருவத்தைப் பிறகு மருந்துநீரில் இட்டு வெளிக்கொணர்ந்தால் நெகட்டிவ் கிடைக்கும். அதில் வெளிச்சம் கறுப்பாகவும் நிழல் வெளுப்பாகவும் இருக்கும். அதன் வழியாக மற்றொரு தாளில் வெயில் படச் செய்தால் நேர்ப்படம் உண்டாகும். டிரைப்பின் நெகட்டிவ் தாள்கள் பன்னிரண்டு அங்குல அகலமும் பதினைந்து அங்குல நீளமும் கொண்ட பெரிய தாள்கள். அக்காலத்தில் படத்தைப் பெரிதாக்கி அச்சிடும் வழக்கம் இல்லை. எவ்வளவு பெரிய படம் வேண்டுமோ அவ்வளவு பெரிய காமிரா வேண்டும்.

அதே 1851இல் கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசும் முறையும் வெளிவந்திருந்தது. அது விரைவானது, நுட்பமானது. ஆனால் தகட்டின் ஈரம் உலர்வதற்குள் படமெடுத்துக் கழுவியும் முடித்துவிட வேண்டும். நம் நாட்டுப் பங்குனி வெயிலில், குன்றின் உச்சியில் அது எளிதாகுமா? மெழுகுத் தாளையோ முன்னதாகவே ஆயத்தம் செய்து எடுத்துச் செல்லலாம்; படம் எடுத்தபின் விடுதிக்குத் திரும்பி ஆற அமரக் கழுவலாம்; வண்டிக் குலுக்கலில் உடையாது. கண்ணாடியை விடுத்துத் தாளைத் தேர்ந்தது சாலையை அறிந்தவரின் தேர்வு.

இம்முறையில் இரண்டு குறைகள் உண்டு. வரலாறு படிப்போர் இவ்விரண்டையும் மனத்தில் வைக்க வேண்டும். அத்தாள் நீல நிற ஒளியை மிகுதியாக உணரும். பச்சையையும் சிவப்பையும் மிகக் குறைவாகவே உணரும். எனவே மரமும் மண்ணும் பதிவதற்குள் வானம் அளவுக்கு மீறிப் பதிந்துவிடும்; அச்சிட்ட படத்தில் வானம் வெறும் வெள்ளையாகவோ திட்டுத் திட்டாகவோ தோன்றும். அதைச் சரிசெய்ய டிரைப் தூரிகையை எடுத்தார். நெகட்டிவின் மேல் வண்ணம் தீட்டி, இல்லாத மேகங்களை வானத்தில் மிதக்கவிட்டார். மரத்தின் இலைச் செறிவையும் சில இடங்களில் அவ்வாறே திருத்தினார். காமிரா பொய் சொல்லாது என்று இன்றும் பலர் சொல்லுகிறார்கள். 1858இலேயே அதன் வானம் கைவேலையாக இருந்தது! இதனால் படம் முழுவதும் பொய் என்று தள்ளிவிடுவதும் அறிவுடைமையாகாது. கல்லையும் சுவரையும் அவர் தொடவில்லை. மேகத்தை மட்டும் ஐயுற்றால் போதும்.

இரண்டாவது குறை இன்னும் பெரியது. நிமிடக் கணக்கில் மூடி திறந்திருக்கும்போது, நடந்து செல்லும் மனிதன் தாளில் பதிவதில்லை. கூடை சுமந்து போகும் பெண், குளத்தில் இறங்கும் மாடு, கோயில் வாயிலில் பூ விற்பவர் ஆகிய எவரும் அதில் இரார். அசையாது நின்றவர் மட்டுமே இருப்பார். ஆகவே மதுரையும் திருச்சியும் இப்படங்களில் ஆளொழிந்த ஊர்கள்போல் தோன்றும். அக்காலத்தில் நம் ஊர்கள் பாழடைந்து கிடந்தன என்று இப்படங்களைக் காட்டி எவரேனும் முடிவு கட்டினால், அதை ஏற்காதீர்கள். மக்கள் இருந்தார்கள், தாள்தான் அவர்களைக் காணவில்லை.

இராயக்கோட்டைக் குன்றை முதலில் படமாக்கினார். 1791இல் மைசூர்ப் போரின்போது ஆங்கிலேயர் கைப்பற்றிய கோட்டை அது. 1858 சனவரியில் திருவரங்கம் அடைந்தார். திருச்சி மலைக்கோட்டையை ஒருமுறை படமெடுத்து விட்டுவிடவில்லை. சமவெளியில் ஏறத்தாழ 270 அடி உயரம் தனித்து நிற்கும் அப்பாறையை வேறுவேறு பக்கங்களிலிருந்து எடுத்தார். படை வீரருக்குரிய கண் அது. ஓவியர்கள் அப்பாறையை வரைந்தபோது பெரும்பாலும் உயரத்தைக் கூட்டி, செங்குத்தாக்கி, அச்சந்தரும்படி வரைந்திருந்தார்கள். டிரைப்பின் படத்திலோ பாறை தன் அளவில் நிற்கிறது. அதன் அடியில் வீடுகளும் தெப்பக்குளமும் தம் அளவில் இருக்கின்றன.

மதுரைக்கு வந்தபோது பயணத்தின் மிகச் சிறந்த பகுதி தொடங்கியது என்பது என் கருத்து. பின்னர் வெளியான தொகுதிகளில் மதுரைக்கு மட்டும் நான்கு பகுதிகள் ஒதுக்கப்பட்டன. சனவரி, பிப்ரவரித் திங்கள்களில் அங்கே அவர் எடுத்த படங்களுள் ஒன்று, வைகையாற்றையும் அதன் குறுக்கே ஊருக்குச் செல்லும் தரைப்பாலத்தையும் காட்டுவது. ஆற்றுப் படம் ஒன்றில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஆல்பர்ட் விக்டர் பாலம் கட்டி முடிந்தது 1889இல். பெரியாற்று நீர் மலையைக் குடைந்து வைகைப் பக்கம் வந்தது 1895இல். வைகை அணை திறக்கப்பட்டது 1959இல். இம்மூன்றும் நேர்வதற்கு முன்னிருந்த வைகையை நாம் பார்க்க வேண்டுமானால், இந்தப் படத்தைப் போன்றவற்றிடம்தான் செல்ல வேண்டும். டிரைப் வைகையின் வரலாற்றை எழுத எண்ணியவரல்லர். ஊருக்குள் நுழையும் வழியைப் படமாக்கினார், அவ்வளவே. பிற்காலத்தார் அதில் கற்கக்கூடியதெல்லாம் அவர் எண்ணிப் பாராத செய்திகள்.

விளக்குத்தூண் படமும் அத்தகையதே. மதுரையில் வாழ்வோர் நாள்தோறும் அதைக் கடந்து போகிறார்கள். அது யாருக்காக நிறுத்திய தூண் என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. கலெக்டர் பிளாக்பர்னின் நினைவாக எழுப்பியது அது. அவர் காலத்தில்தான் ஊரைச் சூழ்ந்திருந்த பழைய கோட்டை மதில் இடிக்கப்பட்டது. மதில் இருந்த பக்கத்தில் வெளி வீதிகள் அமைந்தன. மதில் போய்ச் சில ஆண்டுகளே ஆன ஊரைத்தான் டிரைப் கண்டார். திருமலை நாயக்கர் மகாலையும் அவர் பழுதுற்ற நிலையில் படமாக்கினார். 1866 முதல் 1872 வரை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு அதனைச் செப்பனிடச் செய்வதற்கு முன்னிருந்த நிலை அது. இன்று மகாலைக் காணும் மாணவன் எது பழைய வேலை, எது பின்வந்த சீரமைப்பு என்று அறிய விரும்பினால், அவனுக்குக் கிடைக்கும் முதன்மையான சான்றுகளுள் இப்படங்களும் அடங்கும்.

ஊரின் வடகிழக்கே படுத்திருக்கும் யானைமலையையும் அவர் விடவில்லை. அம்மலை நமக்குப் புதிதன்று. அதன் அடிவாரத்தில் கி.பி. 770ஆம் ஆண்டைச் சேர்ந்த பாண்டியர் காலக் கல்வெட்டோடு கூடிய நரசிங்கப் பெருமாள் குடைவரை இருக்கிறது. மலைமேல் சமண முனிவர் தங்கிய குகையும் சிற்பங்களும் இருக்கின்றன. டிரைப் அம்மலையின் ஒரு முனையை நேராக நோக்கி, வெறும் பாறையாக, அதன் முழுப் பருமையும் தெரியும்படி எடுத்தார். அரசாங்கத்துக்கு அந்தப் படத்தால் என்ன பயன் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் பாறையின் வெளிக்கோடு அதில் அப்படியே இருக்கிறது. 2010இல் அம்மலைப் பகுதியில் சிற்ப நகரம் ஒன்று அமைக்கும் பேச்சு எழுந்தபோது, சுற்றுப்புற ஊர் மக்கள் திரண்டு எதிர்த்தார்கள், மலை பிழைத்தது. மதுரையைச் சுற்றி வெட்டுண்டு மறைந்த குன்றுகள் எத்தனையோ. அவற்றுக்கு 1858ஆம் ஆண்டுப் படம் கிடையாது. வண்டிப் பாதை அவற்றின் பக்கம் போகவில்லை.

நம் இலக்கண நூலார் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வைத்தார்கள் என்பதைத் தமிழ் வகுப்பில் படித்திருப்பீர்கள். நிலக்காட்சிப் படம் ஒன்றில் அவ்விரண்டும் பிரிக்க முடியாதபடி சேர்ந்திருக்கின்றன. நிழல் விழும் பக்கத்தைப் பார்த்துக் காலையா மாலையா என்று சொல்லலாம். வயலைப் பார்த்துப் பருவத்தைச் சொல்லலாம். எந்த இடம் என்பதோடு எந்தப் பொழுது என்பதையும் கேட்கப் பழகினால், ஒரு படத்திலிருந்து பெறும் செய்தி இருமடங்காகும்.

புதுக்கோட்டையைப் படமாக்கிவிட்டு, மார்ச், ஏப்ரல் திங்கள்களில் தஞ்சையிலும் திருவையாற்றிலும் தங்கினார். தஞ்சை அரச குடும்பத்தின் கடைசி மன்னர் சிவாஜி 1855இல் ஆண் வாரிசின்றி இறந்தார். கம்பெனி அவருடைய ஆட்சியுரிமையை முடிவுக்குக் கொண்டுவந்தது. அரசு முடிந்து மூன்றே ஆண்டுகள் ஆன அரண்மனையின் முன் கம்பெனியின் காமிரா போய் நின்றது. அதைப் பற்றி அவ்வரண்மனையில் இருந்தோர் என்ன எண்ணியிருப்பார்கள் என்பதைப் படம் சொல்லாது.

பெரிய கோயிலில் டிரைப் செய்த ஒரு வேலையை மட்டும் நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றிக் கல்வெட்டுகள் வரி வரியாக ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றை ஒரே தாளில் அடக்க முடியாது. அவர் காமிராவைச் சுவருக்கு ஒரே அளவு தொலைவில் வைத்து, ஒரு படம் எடுத்து, சற்று நகர்த்தி, மற்றொரு படம் எடுத்து, இவ்வாறு இருபத்தொரு படங்களை வரிசையாக ஒட்டி ஒரே சுருளாக்கினார். அதன் நீளம் ஏறத்தாழ 19 அடி. சித்திரை வெயில் நெருங்கும் நாளில் கருங்கல் தளத்தில் நின்று, ஒவ்வொரு படத்துக்கும் ஒளியும் அளவும் மாறாமல் பார்த்துக்கொண்டு செய்த வேலை அது. அவருக்கு அந்த எழுத்துத் தெரியாது. தெரிந்தோரும் அன்று மிகச் சிலரே. அக்கோயிலைக் கட்டியவர் யார் என்பதிலேயே கற்றோரிடையே பலவாறான கருத்து நிலவிய காலம் அது. ஜெர்மானிய அறிஞர் ஹுல்ஷ் 1886இல் சென்னை அரசாங்கத்தின் கல்வெட்டாய்வாளராக அமர்ந்து அக்கல்வெட்டுகளை முறையாகப் படித்து வெளியிட்ட பின்னரே முதலாம் இராசராசனின் பெயர் ஐயத்திற்கிடமின்றி நிலைபெற்றது. படிக்கத் தெரியாத ஒருவர், பின்னால் படிக்கப்போகிறவர்களுக்காகப் பிழையின்றிப் படியெடுத்து வைத்தார். ஆசிரியத் தொழிலில் முதிர்ந்தவனாகிய எனக்கு, அவருடைய படங்கள் எல்லாவற்றிலும் இந்தச் சுருளே மேலானதாகப் படுகிறது.

சென்னை திரும்பியபின் அவர் எடுத்த படங்களுள் அமராவதிச் சிற்பங்களும் உண்டு. 1845இல் வால்டர் எலியட் அகழ்ந்தெடுத்து, பின்னர் சென்னைக்கு வந்து சேர்ந்த பௌத்தச் சிற்பங்கள் அவை. 1858இல் டிரைப் அவற்றைப் படமெடுத்தார். 1859இல் அவை கப்பலேறி இலண்டன் போயின. இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. கல் போய்விட்டது, அது சென்னையில் இருந்த காலத்தின் சான்றாகத் தாள் நின்றது.

இனி, அவருடைய அலுவலகம் மூடப்பட்ட கதை. 1859இல் சார்லஸ் டிரெவெல்யன் சென்னை ஆளுநராக வந்தார். கிளர்ச்சியை அடக்கிய செலவால் அரசாங்கத்தின் கருவூலம் வற்றியிருந்தது. சிக்கனத்தில் உறுதி கொண்ட அவர், நிழற்பட அலுவலகம் அரசாங்கத்தின் நிதிநிலைக்குப் பொருந்தாத ஆடம்பரம் என்று முடிவு செய்து அதனை மூடச் செய்தார். அவர் பக்கத்து நியாயத்தையும் நாம் மறுக்க வேண்டியதில்லை. பஞ்சமும் வரியும் வாட்டிய மாகாணத்தில் வெள்ளி உப்புக்கும் உயர்ந்த தாளுக்கும் பணம் செலவிடுவதா என்று கேட்பவர் தவறாகக் கேட்கவில்லை. ஆனாலும் எடுத்தது சில ஊர்களே. எடுக்காமல் விட்டவை எத்தனை! நெல்லை இல்லை, குமரிக்கரை இல்லை, காஞ்சி இல்லை. டிரெவெல்யனும் நெடுநாள் இருக்கவில்லை. மத்திய அரசின் நிதித் திட்டத்தை வெளிப்படையாக எதிர்த்ததற்காக 1860இலேயே திருப்பி அழைக்கப்பட்டார். வேடிக்கை என்னவென்றால், எட்டு ஆண்டுகள் கழிவதற்குள் அதே சென்னை அரசாங்கம், எட்மண்ட் லயன் என்ற மற்றொரு கேப்டனைக் காமிராவோடு அனுப்பியது. 1867–68இல் அவர் மதுரை, தஞ்சை, திருவரங்கம் முதலிய இடங்களுக்குச் சென்று மீண்டும் படம் எடுத்தார். மூடிய கடையை மறுபடி திறந்தார்கள். முன்பு கற்ற பாடத்தை முதலிலிருந்து கற்றார்கள்.

டிரைப் அதன்பின் இக்கலையில் முன்போல் ஈடுபடவில்லை. படைப்பணியில் இருந்து ஓய்வு பெற்று, பிறந்த ஊராகிய டெவன்போர்ட்டில் 1902இல் இறந்தார். நெடுங்காலம் அவர் பெயர் மறைந்து கிடந்தது. அண்மைக் காலத்தில்தான் அறிஞர்கள் அவருடைய படங்களைத் தொகுத்து ஆராய்ந்தார்கள். 2014, 2015ஆம் ஆண்டுகளில் வாஷிங்டன், நியூயார்க், இலண்டன் ஆகிய நகரங்களில் அவை காட்சிக்கு வைக்கப்பட்டன. அப்படங்கள் பலவற்றை அருங்காட்சியகங்களின் இணையப் பக்கங்களில் நீங்கள் வீட்டிலிருந்தே காணலாம்.

அக்காட்சிகளில் வண்டி ஓட்டியவர்களின் பெயர் இல்லை. மெழுகு காய்ச்சியவர், குன்றின்மேல் பெட்டியைச் சுமந்தவர், வழிகாட்டியவர் ஆகிய எவருடைய பெயரும் படத்தின் கீழே எழுதப்படவில்லை. ஒருவர் பெயர் மட்டும் பிழைத்தது. டிரைப்பிடம் உதவியாளராக இருந்து தொழில் கற்ற அய்யாசாமி என்பவர் அவர். அலுவலகம் மூடப்பட்டபின், டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் 1850இல் சென்னையில் தொடங்கிய கலைத்தொழிற் பள்ளியில் அவர் நிழற்படப் பணியில் அமர்ந்தார். மாணவர்களுக்கு அக்கலையைக் கற்பித்தார். ஆடம்பரம் என்று ஆளுநர் மூடிய அலுவலகத்தில் அவர் கற்றது, அப்பள்ளியின் வகுப்பறைக்கு வந்து சேர்ந்தது. அந்தப் பள்ளிதான் இன்று சென்னையில் அரசு கவின் கலைக் கல்லூரியாக நடைபெறுகிறது.